தாவீது பணிக்கு வந்துவிட்டார்

ஆகஸ்ட் ஏழாம் தேதி விடியற்காலை கிரேஸ் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள்.

'தாவீது அவர்கள் காலை 5.48 மணிக்குப் பணிக்கு வந்துவிட்டார்.'

தாவீது அவள் கணவன். அவனை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில், இரும்புத் தகடுகளை வெட்டி வளைக்கும் ஆலையில் வேலை பார்த்தான். ஜூலை மாதம் ஒரு நாள் காலை, கிரேன் தூக்கிப் போன தகட்டுக்கட்டு சரிந்து அவன்மேல் விழுந்தது. ஆம்புலன்ஸ் திருவள்ளூர் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

குடம் நிரம்பி வழிந்தது. பின்னால் நின்றவள் சத்தம் போட்டதும்தான் கிரேஸ் குடத்தை நகர்த்தினாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மதியம் இரண்டு மணிக்குமேல் இன்னொரு செய்தி வந்தது: 'தாவீது அவர்கள் மதியம் 2.12 மணிக்குப் பணி முடித்துக் கிளம்பிவிட்டார்.' ஆலைப் பேருந்து வந்து நிற்கும் நேரம்வரை அவள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

செப்டம்பர் ஏழாம் தேதி மறுபடியும் வந்தது. இந்த முறை காலை 5.51. மதியம் கிளம்பிவிட்டதாக அடுத்த செய்தி வந்ததும் கிரேஸ் வீட்டைப் பூட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள். ஆலைப் பேருந்து வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். கடைசி ஆள் இறங்கி, பேருந்து நகர்ந்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். தாவீதின் தம்பி எட்வர்ட் கும்மிடிப்பூண்டியில் வேறொரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். பைக்கில் வந்தவன் அவளைப் பார்த்து நிறுத்தினான்.

"அண்ணி, இங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

அவள் போனை நீட்டினாள். அவன் இரண்டு முறை படித்தான். முகம் மாறிவிட்டது.

மறுநாளே எட்வர்ட் ஆலைக்குப் போய் மனிதவள அதிகாரி அன்புசெல்வனின் மேசைமுன் நின்றான். "செத்தவன் பேர்ல எவன்யா வெள்ளாடறான்? எங்க அண்ணி தெருவுல வந்து நின்னுக்கினு கீறாங்க. உங்களுக்கு இன்னா கடுப்பு எங்க மேல?"

அன்புசெல்வன் முதலில் நினைத்தது, தாவீதின் வருகை அட்டையை யாரோ வாசலில் தேய்த்து உள்ளே வருகிறார்கள் என்று. ஆனால் அட்டை, கைக்கடிகாரத்தோடு சேர்ந்து கிரேஸின் வீட்டுப் பெட்டியில் இருந்தது. வாசல் காவலர் தேசப்பனைக் கூப்பிட்டுக் கேமராவைப் போட்டுப் பார்த்தார்கள். 5.51க்கு வாசலில் ஒருவரும் இல்லை. முன்னால் போனவர்கள் உள்ளே மறைந்து, பின்னால் வருபவர்கள் இன்னும் பேருந்தைவிட்டு இறங்காத இடைவெளி. சுழல்கதவு மட்டும் காலியாகத் தெரிந்தது.

தேசப்பன் அதைத் தேநீர்க் கடையில் சொன்னார். அன்று மாலைக்குள் ஆலை முழுவதும் பரவிவிட்டது. அந்த கிரேனை ஓட்டியவன் மணிகண்டன். தகடு சரிந்த நாளிலிருந்தே சரியாகத் தூங்காதவன். தகட்டு அடுக்குகளுக்கு நடுவில் தாவீது இருமுவது போலக் கேட்டது என்று அவன் சொன்னதும், முதல் ஷிப்ட் ஆட்கள் அந்தப் பக்கம் தனியாகப் போவதை நிறுத்தினார்கள். யாரோ கிரேன் தண்டவாளத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார்கள். மேலாளர் அவிழ்க்கச் சொன்னார். அவிழ்க்க ஆள் கிடைக்கவில்லை.

அன்புசெல்வன் இந்தச் செய்திகளை அனுப்பும் சென்னை மென்பொருள் நிறுவனத்துக்குப் போன் செய்தார். "அக்டோபர் ஏழாம் தேதி உங்க ஆள் ஒருத்தர் இங்க நேர்ல இருக்கணும். நான் இதுக்குமேல யாருக்கும் பதில் சொல்ல முடியாது."

வந்தவள் ஹுமைரா.

அவள் பழவேற்காட்டுக்காரி. கல்யாணமாகித் திருநின்றவூரில் இருந்தாள். தினமும் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்வருவாள். ஒரே மென்பொருளை ஒவ்வொரு மொழிக்காரருக்கும் அவரவர் வழக்கப்படி பேசவைப்பது அவள் வேலை. ஒரு லட்சத்தில் காற்புள்ளி எங்கே விழ வேண்டும், தேதியில் நாள் முதலில் வருமா மாதம் முதலில் வருமா, என்று இப்படிப்பட்டவற்றையே அவள் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பாள். தொழிலாளி வாசலில் அட்டையைத் தேய்த்ததும் வீட்டுக்குப் போகும் செய்தியின் தமிழும் அவளுடையதுதான். கணினி 'முற்பகல்', 'பிற்பகல்' என்று போட்டதை மாற்றி, 'காலை', 'மதியம்' என்று வைத்தவள் அவள். 'வந்தான்' என்று போகக் கூடாது என்று பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' சேர்த்தவளும் அவளே.

ஜூன் பாதியில் அந்த ஆலையில் இந்த ஏற்பாடு தொடங்கியது. ஜூலையில் ஒரு புகார் வந்தது. எட்டாம் தேதியிலிருந்து யார் வீட்டுக்கும் செய்தி போகவில்லை. ஹுமைராதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். வாசல் இயந்திரம் 8/7 என்று எழுதினால் அது ஜூலை எட்டு. எங்கோ இருந்த சர்வர் அமெரிக்க வழக்கப்படி அதை ஆகஸ்ட் ஏழு என்று படித்தது. பதின்மூன்றாம் தேதியிலிருந்து குழப்பம் இல்லை. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாதே, கணினி தானே சரியாகப் படித்துக்கொண்டது. அவள் அமைப்பைத் திருத்தினாள். அதன் பிறகு எல்லாச் செய்தியும் ஒழுங்காகப் போனது. அவளுடைய மேலாளர் பரத் குழுவில் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அந்தச் சில நாட்களில் போகாமல் நின்ற செய்திகள் எங்கே இருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் ஏழாம் தேதி அவள் ஊத்துக்கோட்டை வழியாகக் காரில் ஆலைக்கு வந்து சேர்வதற்குள் காலைச் செய்தி போயிருந்தது. மதியச் செய்திக்காக வாசல் காவல் அறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து உட்கார்ந்தாள். பக்கத்தில் தேசப்பன் நின்றார். எட்வர்ட் விடுப்புப் போட்டுவிட்டு வந்து வெளியே புளியமரத்தடியில் நின்றான்.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. ஆட்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். சுழல்கதவு ஓயாமல் கடகடவென்றது. பிறகு கூட்டம் குறைந்து வாசல் வெறிச்சோடியது. அப்போதுதான் திரையில் ஒரு வரி நகர்ந்தது.

"இப்ப," என்றாள் ஹுமைரா. "இப்பதான் போகுது. தாவீது கிளம்பிட்டார்னு."

தேசப்பன் சுழல்கதவைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. ஆனாலும் அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து, சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். செய்தபின்தான் தான் செய்தது அவருக்கே தெரிந்தது. ஹுமைராவைப் பார்த்து வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

ஹுமைரா திரைக்குத் திரும்பினாள். அந்த வரியைத் திறந்து, வாசல் இயந்திரம் முதலில் எழுதியது என்ன என்று பார்த்தாள். 10/7.

ஜூலை பத்து.

வாசல் இயந்திரத்தின் ஜூலைப் பதிவைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டாள். ஒரு நிமிடம்கூட மாறவில்லை. ஆகஸ்டில் போனது ஜூலை எட்டாம் தேதியுடையது. செப்டம்பரில் போனது ஒன்பதாம் தேதியுடையது. கணினி அவற்றை வரப்போகும் நாட்களுடையவை என்று எடுத்துவைத்து, அந்தந்த நாள் வந்ததும் அனுப்பிக்கொண்டிருந்தது. ஆலையில் எல்லோர் வீட்டுக்கும் இப்படித்தான் போயிருக்கிறது. செய்தியில் நேரம் மட்டும்தான் இருக்கும், தேதி இருக்காது. உயிரோடு தினமும் வேலைக்கு வருகிறவனின் வீட்டில் ஒரு செய்தி கூடுதலாக வந்ததை யார் எண்ணப்போகிறார்கள்? விடுப்பில் வீட்டில் படுத்திருந்த ஒன்றிரண்டு பேர் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டிருந்தார்கள்.

"கம்ப்யூட்டர் கோளாறுதானா!" அன்புசெல்வன் நாற்காலியில் சாய்ந்து மூச்சுவிட்டார். "நல்லதாப் போச்சு மேடம். ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, நோட்டீஸ் போர்டுல ஒட்டிடறேன்."

பரத் போனில் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். "நிக்கிறது எல்லாத்தையும் டெலீட் பண்ணிடுங்க ஹுமைரா. இன்னிக்கே."

அவள் நீக்கினாள். நூற்றுக்கணக்கான பெயர்கள் திரையிலிருந்து மறைந்தன. தாவீதின் பெயரில் நவம்பரில் ஒரு நாளும் டிசம்பரில் ஒரு நாளும் மிச்சம் இருந்தன. அவற்றை மட்டும் அவளால் தொட முடியவில்லை. மடிக்கணினியை மூடிக்கொண்டு வெளியே வந்து எட்வர்டிடம் கேட்டாள். "உங்க அண்ணிய நான் பாக்கலாமா?"

கிரேஸின் வீடு ஊருக்குள், தேவாலயத்துக்குப் பின்தெருவில் இருந்தது. சிமெண்ட் ஷீட் போட்ட இரண்டு அறைகள். கிரேஸ் அப்போதுதான் பேருந்து நிறுத்தத்திலிருந்து வந்திருந்தாள் என்பது அவளைப் பார்த்ததும் தெரிந்தது. செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஹுமைராவுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"நீங்கதான் அந்த மெசேஜு அனுப்பறவங்களா?"

"நான் அனுப்பலக்கா. அனுப்பற கம்ப்யூட்டருக்குத் தமிழ் வார்த்தை எழுதிக் குடுக்கறது என் வேலை."

"நல்லாத்தான் எழுதிகீறீங்க." கிரேஸ் லேசாகச் சிரித்தாள். "இந்த ஊட்ல அவர யாரும் 'அவர்கள்'னு கூப்ட்டது கெடயாது."

ஹுமைரா ஒரு காகிதம் கேட்டு வாங்கி 8/7 என்று எழுதிக் காட்டினாள். நாம் இதை எப்படிப் படிப்போம், வேறு நாட்டில் எப்படிப் படிப்பார்கள், கணினி எப்படித் தவறாக எடுத்துக்கொண்டது என்று தெளிவாகச் சொன்னாள். யாரும் விளையாடவில்லை, வாசலில் யாரும் வரவில்லை, இதெல்லாம் பழைய செய்தி என்றாள். கிரேஸ் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஆகஸ்ட்ல வந்துச்சே, அது?"

"ஜூலை எட்டாம் தேதி அவர் உள்ள போனது."

"போன மாசம் வந்தது?"

"ஒம்பதாம் தேதி."

"இன்னிக்கு வந்தது பத்தாம் தேதிதா?"

"ஆமாக்கா."

கிரேஸ் காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "அந்த எட்டு, ஒம்பது, பத்து... அந்த நாளெல்லாம் அவரு வேலைக்குப் போனாரா?"

"போயிருக்கார். ஷிப்ட் முடிஞ்சு வெளிய வந்தது வரைக்கும் பதிவு இருக்கு. பதினொண்ணாம் தேதியும் போயிருக்கார்."

எட்வர்ட் கதவோரம் நின்றிருந்தான். கிரேஸ் அவனைப் பார்த்து, "நைனா, சோனியா ஸ்கூல் உட்டு வர்ற நேரம். போய்க் கூட்டிக்கினு வா," என்றாள். அவன் பைக் சத்தம் தேயும்வரை காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவரு முன்ன குடிப்பாரும்மா. வேலைக்குன்னு கெளம்பி பார்டர தாண்டி ஆந்திரா பக்கம் போய்டுவாரு. போன வருசம் நிறுத்திட்டாரு. இந்த மெசேஜு வந்தப்ப அவருதான் என் நம்பரக் குடுத்தாரு. இனிமே நீ சந்தேகப்பட வேணாம், உன் போனே சொல்லும்னாரு. தெனமும் வந்துச்சு. அப்புறம் எட்டாம் தேதி வரல. ஒம்பதாம் தேதியும் வரல. பழயபடி ஆரம்பிச்சிட்டாருன்னு நெனச்சேன். கேட்டேன். கர்த்தர் மேல ஆணையா போனேன்டின்னாரு. அப்ப போனு பொய் சொல்லுதான்னு கேட்டேன்."

ஹுமைரா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நாலு நாளு பேசல நானு. பன்னண்டாம் தேதி டீ கூட போட்டுக் குடுக்கல. போய்ட்டு வரேன்னாரு. எங்கன்னு கேட்டேன்." கிரேஸ் அந்தச் சொல்லை மறுபடியும், கேட்ட அதே தொனியில் சொன்னாள். "எங்க? அவ்ளோதான். அவரு ஒண்ணும் சொல்லல. கம்பெனிலேந்து போன் வந்தப்ப, அவரு வேலைக்கே வரலியே, ராங் நம்பர்னு சொல்லி கட் பண்ணிட்டேன். ரெண்டு வாட்டி கட் பண்ணேன்."

"அக்கா..."

"நான் பைத்தியம் இல்லம்மா. அவரு மேல மண்ணு போட்டவ நானு. பஸ் ஸ்டாப்புல போய் நின்னா அவரு எறங்கமாட்டாருன்னு தெரியும். ஆனா ஆகஸ்ட்ல மொதோ மெசேஜு வந்தப்பவே எனக்குப் புரிஞ்சிது. நான் கேட்டேன்ல, மெசேஜு ஏன் வரலன்னு? அதுக்குதான் அனுப்பறாரு. போனேன்டி, பாரு, பாருன்னு."

இல்லை, அது கணினி என்று சொல்லத்தான் ஹுமைரா வாயைத் திறந்தாள். ஆனால் தான் காகிதத்தில் எழுதிக் காட்டியதும் கிரேஸ் சொன்னதைத்தான் சொன்னது. அந்த நாட்களில் வராமல் போன அதே செய்திகள்தான் இப்போது ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அந்தச் சின்ன அறை சட்டென்று குளிர்ந்தது போல அவளுக்கு இருந்தது. சுவரில் மாட்டியிருந்த தாவீதின் படத்தை நிமிர்ந்து பார்க்கத் தயங்கினாள்.

"இன்னும் எத்தினி கீது?" கிரேஸ் கேட்டாள்.

"ரெண்டு நாளோடது இருக்கு. நவம்பர் ஏழு வர்றது பதினொண்ணாம் தேதியோடது. டிசம்பர்ல வர்றது..." ஹுமைரா நிறுத்தினாள். மறைத்து என்ன ஆகப்போகிறது? "அது பன்னண்டாம் தேதியோடதுக்கா. காலைல உள்ள போனார்னு வரும். வெளிய வந்தார்னு வராது."

வெளியே பைக் சத்தம் கேட்டது. கிரேஸின் மகள் சோனியா புத்தகப் பையோடு உள்ளே ஓடி வந்து, புது ஆளைக் கண்டு வெட்கப்பட்டு அடுத்த அறைக்குள் போய்விட்டாள். கிரேஸ் அவள் போன திசையையே பார்த்தாள்.

"பதினொண்ணாம் தேதிது வரட்டும்மா. அது எனக்கு வேணும்."

"டிசம்பர்?"

கிரேஸ் ஹுமைராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு அவர உள்ள அனுப்பாதம்மா."

ஹுமைரா அங்கேயே மடிக்கணினியைத் திறந்தாள். டிசம்பர் வரியைத் தேர்ந்தெடுத்து 'நீக்கு' என்பதை அமுக்கினாள். திரை நடுவில் ஒரு கட்டம் வந்தது: 'நிச்சயமாக நீக்க வேண்டுமா?' அந்த வாசகமும் அவள் எழுதியதுதான். கிரேஸ் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ஆமான்றது எது?" என்று கேட்டு, தானே விரலை வைத்து அமுக்கினாள்.

திரும்பி வரும் வழியில் ஹுமைரா பரத்துக்குப் போன் செய்து, ஒரு நாளின் செய்தி மட்டும் நவம்பர்வரை நிற்கும் என்றாள். ஏன் என்று அவர் கேட்டார். அவள் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். "நவம்பர் எட்டாம் தேதி அது அங்க இருக்கக் கூடாது," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஆலையின் அறிவிப்புப் பலகையில் விளக்கம் ஒட்டப்பட்டது. எல்லோரும் படித்தார்கள். எலுமிச்சம்பழம் காய்ந்து கறுத்துத் தண்டவாளத்திலேயே தொங்கியது. மணிகண்டன் அந்த கிரேனில் மறுபடி ஏறவில்லை. வேறு பிரிவு கேட்டு வாங்கிக்கொண்டான். ஹுமைரா அடுத்த வாரமே வாசல் இயந்திரங்களின் பதிவுகளில் மாதத்தை எண்ணாகப் போடாமல் பெயராக எழுதும்படி மாற்றினாள். இறந்துபோனவர் என்று குறிக்க ஓர் இடம் அந்த மென்பொருளில் இல்லாததைப் பார்த்து, அதையும் சேர்த்தாள். ஆனாலும் ரயிலில் போகும்போது பக்கத்தில் யாராவது ஒரு தேதியை எண்ணில் சொன்னால் அவள் மனம் தானாக அதைப் புரட்டிப்போட்டுப் பார்த்தது. புரட்டியபின் கிடைத்த நாள் எப்போதும் இன்னும் வராத நாளாகவே பட்டது. அவளுக்கு அது பிடிக்கவில்லை, நிறுத்தவும் முடியவில்லை.

நவம்பர் ஏழாம் தேதி செய்தி போனது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று. கிரேஸிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஹுமைராவும் கேட்கவில்லை.

டிசம்பர் ஏழாம் தேதி ஹுமைராவுக்கு விடுமுறை. காலையில் எழுந்ததும் அவள் செய்த முதல் வேலை, மடிக்கணினியைத் திறந்து பார்த்ததுதான். நிற்பது எதுவும் இல்லை. போனது எதுவும் இல்லை. இருந்தும் அன்று சமையல் ஓடவில்லை. மதியம் சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுக்கும்போது போன் அடித்தது.

"மெசேஜு வரலம்மா," என்றாள் கிரேஸ்.

"நல்லதுக்கா."

"காலைலேந்து பாத்துக்கினே இருந்தேன். வரவே இல்ல. அவரு இன்னிக்கு வேலைக்குப் போவல."

குரலில் அழுகை இல்லை. வேலையெல்லாம் முடித்துவிட்டு ஓய்வாகப் பேசுகிறவளைப் போல இருந்தது. சாப்பிட்டாயா, பிள்ளைகள் எப்படி என்று விசாரித்தாள். ஹுமைரா பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது அந்தப் பக்கம் சோனியாவின் குரல் தூரத்தில் கேட்டது.

"ம்மா, அந்த ரூம்ல யாருமே இல்ல, ஃபேன் சுத்திக்கினு கீது. நிறுத்தட்டா?"

"ஓடட்டும், கைய வெக்காத," என்றாள் கிரேஸ். பிறகு, தூங்குகிறவரை எழுப்பிவிடப் பயந்தவள் போல, இன்னும் மெதுவாகச் சொன்னாள். "கதவையும் சத்தம் போடாம சாத்து."